சர்வேயை ஏன் கடைசியில் வைக்கிறேன்

2017 ஜனவரியில் ஃபின்லாந்து ஒரு சோதனையைத் தொடங்கியது. வேலையில்லா உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர்களில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மாதம் 560 யூரோவை எந்த நிபந்தனையும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. வேலை தேடினேன் என்று சான்று காட்ட வேண்டாம். வேலை கிடைத்துவிட்டால் பணம் நின்றுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பழைய விதிகளின்படியே உதவித்தொகை வாங்கிவந்த சுமார் 1,73,000 பேர் ஒப்பீட்டுக் குழு ஆனார்கள்.

இந்த ஒரே திட்டத்தை மூன்று விதமாக அளந்தார்கள். முதலாவது, பதிவேடுகள். யார் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பது அரசின் ஆவணங்களிலேயே இருந்தது. யாரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை, யாரும் விடுபடவும் இல்லை. இரண்டாம் ஆண்டில், பணம் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய 6 நாள் கூடுதலாக வேலை பார்த்திருந்தார்கள். சின்ன வேறுபாடுதான். அதிலும் ஒரு சிக்கல்: 2018 தொடக்கத்தில் அரசு வேலையில்லாதோருக்கான விதிகளை இறுக்கியது, அந்த இறுக்கம் இரு குழுக்களையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. ஆகவே அந்த 6 நாளையும் முழுக்க இலவசப் பணத்தின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது, தொலைபேசி சர்வே. வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, பணம் பெற்றவர்கள் சராசரியாக 7.3, மற்றவர்கள் 6.8 என்றார்கள். மன அழுத்தமும் குறைவு. நல்ல செய்திதான், ஆனால் பதில் சொன்னவர்கள் பணம் பெற்றவர்களில் 31 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 20 விழுக்காடு. மற்றவர்கள் பதில் தரவில்லை. பணம் கிடைத்ததில் மகிழ்ந்தவர் சந்தோஷமாகப் பேச முன்வந்திருக்கலாம், வெறுத்துப்போனவர் தவிர்த்திருக்கலாம். அந்த 0.5 மதிப்பெண்ணில் எவ்வளவு உண்மை, எவ்வளவு இந்த வடிகட்டலின் விளைவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது, 81 பேருடன் நீண்ட நேர்காணல். சிலருக்கு இந்தப் பணம் சுயதொழிலுக்கும் தன்னார்வப் பணிக்கும் வீட்டில் உள்ளவர்களைக் கவனிப்பதற்கும் வாசல் திறந்திருந்தது. சிலருக்கு வாழ்க்கையில் எதுவுமே மாறவில்லை. சராசரி எண் இந்த இரண்டு வகையினரையும் ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தது.

மகிழ்ச்சி கூடியது, வேலை கூடவில்லை என்ற ரீதியில் உலகப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. எனக்கு அந்தத் தலைப்பில் உள்ள சிக்கல், அதன் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே தரத்தில் நிற்கும் சான்றுகள் போலத் தோன்றுவதுதான். வேலை பற்றிய பாதி எல்லோரையும் எண்ணியது. மகிழ்ச்சி பற்றிய பாதி, பேச வந்த சிறுபான்மையினரை மட்டும் கேட்டது.

சமூக அறிவியலில் ஒரு நடப்புப் பிரச்சினையை ஆராய இறங்குபவர், மாணவரோ தொண்டு நிறுவனமோ அரசுத் துறையோ, முதலில் எடுக்க வேண்டிய முடிவு எந்த வழியில் போவது என்பது. நடைமுறையில் அந்த முடிவே எடுக்கப்படுவதில்லை. பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள், "ஒரு சர்வே எடுத்துவிடலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மறுவாரம் கேள்விப் பட்டியல் தயாராகிவிடும். வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சர்வே பெரும்பாலும் கடைசியில் வரவேண்டியது என்பது என் கட்சி.

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மருத்துவ ஆய்விலிருந்து சமூக அறிவியலுக்கு ஒரு படிநிலை வந்து சேர்ந்திருக்கிறது. உச்சியில் குலுக்கல் முறைச் சோதனைகளும் அவற்றின் தொகுப்பாய்வுகளும், அடியில் தனி நபர் கதைகளும் களக்குறிப்புகளும். மாத்திரைக்கு இது பொருந்தலாம். எந்த மருத்துவர் கொடுத்தாலும் மாத்திரை அதே மாத்திரை. சமூகத் திட்டம் அப்படியல்ல. கொடுக்கும் அலுவலரையும் வாங்கும் குடும்பத்தையும் பொறுத்து அது வேறு பொருளாகவே மாறிவிடும்.

அதனால் எந்த முறை உயர்ந்தது என்று கேட்பதில் பயன் குறைவு. நமக்கு எது தெரியவில்லை என்று கேட்டால் வேலை நடக்கும். எத்தனை பேர் என்பது தெரியவில்லையா? திட்டத்தால்தான் மாற்றம் வந்ததா என்பது தெரியவில்லையா? ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது புரியவில்லையா? அல்லது, நடப்பது என்ன என்பதே தெரியாத நிலையா? கடைசி வகை அறியாமையில் இருந்துகொண்டு முதல் கேள்விக்குப் பதில் தேடுவதே நான் அதிகம் பார்க்கும் கோளாறு. என்ன நடக்கிறது என்று தெரியாதவர் எழுதும் கேள்விப் பட்டியலில் அவருடைய ஊகங்கள்தான் வரிசையாக இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எந்தப் பதில் வந்தால் எந்த முடிவு மாறும்? எந்தப் பதில் வந்தாலும் திட்டம் தொடரும் என்றால் ஆய்வு அலங்காரம். அதற்கு மக்களின் நேரத்தை எடுக்காமல் இருப்பதே நாகரிகம்.

ஏற்கெனவே இருப்பது

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். பிறர் செய்து முடித்த ஆய்வுகளைத் தேடி எடுத்துத் தரம் பார்த்துச் சேர்த்துப் படிப்பது. சலிப்பான வேலை, பெயர் கிடைக்காது. ஆனால் தவறான பாதையில் போகாமல் தடுக்கும். தப்பு செய்யும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் திட்டம் 1970-களில் அமெரிக்காவில் புகழ்பெற்று, பல நாடுகளுக்குப் பரவியது. நல்லது என்று பார்த்த உடனே தோன்றும் யோசனை. இதுபற்றி நடந்த குலுக்கல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டது தெரிந்தது. இதைப் படித்தவர் புதிதாக ஒரு சோதனை நடத்த வேண்டியதில்லை.

அடுத்தது பதிவேடுகள். மருத்துவமனைச் சேர்க்கை, பள்ளி வருகை, வரிக் கணக்கு, நீதிமன்ற வழக்குப் பட்டியல். இவற்றின் பலத்துக்கு எனக்குப் பிடித்த சான்று கனடாவின் டாஃபின் ஊர். 1970-களின் நடுவில் மானிடோபா மாகாணத்தில் குறைந்தபட்ச வருமானத்தை உறுதிசெய்யும் மின்கம் என்ற சோதனை நடந்தது. டாஃபினில் தகுதியுள்ள குடும்பம் எதுவானாலும் சேரலாம். காசும் அரசியல் ஆதரவும் வற்றியதும் சோதனை முடிவுக்கு வந்தது. சேகரித்த தாள்கள் பெரும்பகுதி அலசப்படாமலே பெட்டிகளில் மூடிக் கிடந்தன. பல பத்தாண்டுகள் கழித்துப் பொருளியலாளர் எவலின் ஃபர்ஜே அந்த மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பீட்டுப் பதிவேடுகளை எடுத்து, டாஃபின் மக்களை அவர்களை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார். மருத்துவமனைச் சேர்க்கை 8.5 விழுக்காடு குறைந்திருந்தது. குறிப்பாக விபத்து, காயம், மனநலம் சார்ந்த சேர்க்கைகள். இந்த முடிவு 2011-இல் வெளியானது. சோதனையை வடிவமைத்தவர்களின் கவலையெல்லாம் மக்கள் வேலையை விட்டுவிடுவார்களா என்பதுதான். வேறு காரணத்துக்காக யாரோ எழுதிவைத்த பதிவேடு, அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது.

பதிவேட்டின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அது எழுதியவரின் தேவைக்காக எழுதப்பட்டது. காவல்துறைப் பதிவேடு எண்ணுவது குற்றங்களை அல்ல, காவல்நிலையம் வரை வந்து பதிவான குற்றங்களை. ஒரு பகுதியில் எண் உயர்ந்தால் குற்றம் கூடியிருக்கலாம். புகார் கொடுக்கும் தைரியம் கூடியிருக்கலாம். பதிவு செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கலாம். ஆகவே பதிவேட்டைத் திறப்பதற்கு முன், அதை நிரப்பும் எழுத்தரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. எந்தக் கட்டத்தை உண்மையாகவே கேட்டு நிரப்புகிறார், எதைப் பழக்கத்தில் ஒரே மாதிரி நிரப்பிவிடுகிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு கண்ணி, வட்டார எண்களிலிருந்து மனிதர்களைப் பற்றி முடிவுகட்டுவது. 1950-இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் தனி ஆட்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு மற்றவர்களைவிடக் குறைவு. அவர்கள் எழுத்தறிவு அதிகமிருந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இணையத் தேடல், கைபேசித் தடம் போன்ற பெருந்தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தேடல் சொற்களை வைத்து ஃபுளூ காய்ச்சலைக் கணிக்க கூகுள் தொடங்கிய முயற்சி 2012-13 பருவத்தில் உண்மை அளவைவிட மிக அதிகமாகக் காட்டி, பிறகு மூடப்பட்டது.

போய் இருப்பது

களப்பணியை முன்னோட்டம் என்றும் வண்ணம் சேர்க்கும் வேலை என்றும் நினைப்பவர்கள் நிறைய. அறிக்கையில் எண்களுக்கு நடுவே சாம்பல் நிறப் பெட்டியில் ஒரு பெண்ணின் மேற்கோள் வரும்; களப்பணி முடிந்தது. எந்த வழியையும்விட இதற்குத்தான் அநியாயம் நடக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட் 2008-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவதை ஆராயப் போனார். முதலில் ஏழைகள் வசித்த நகரும் வீடுகளின் குடியிருப்பிலும், பிறகு நகரின் உட்பகுதியில் ஒரு வாடகை அறையிலும் குடியிருந்தார். வாடகைதாரர்களோடும் வீட்டுக்காரர்களோடும் போய்வந்தார், நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். அங்கே அவருக்குப் புலப்பட்ட ஒன்று: வெளியேற்றங்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தைத் தொடுவதே இல்லை. வீட்டுக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்துப் போகச் சொல்வார், அல்லது கதவைக் கழற்றிவிடுவார். அப்படி வெளியே வந்தவர்கள் பலர் தாங்கள் வெளியேற்றப்பட்டதாகவே நினைப்பதில்லை. அவர்கள் கணக்கில் வெளியேற்றம் என்றால் அமீனா வந்து சாமான்களைத் தெருவில் வைப்பது.

இது தெரியாமல் ஒரு சர்வே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கடந்த இரண்டு ஆண்டில் நீங்கள் வெளியேற்றப்பட்டீர்களா?" என்ற கேள்விக்கு நேர்மையாக "இல்லை" என்று பதில் வந்திருக்கும். நீதிமன்றப் பதிவேடும் அதையே உறுதிப்படுத்தியிருக்கும். இரண்டு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்று ஆய்வாளரும் திருப்தியாக எழுதியிருப்பார்.

டெஸ்மண்ட் அந்தக் கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கடைசியாக ஏன் வீடு மாறினீர்கள், என்ன நடந்தது என்று படிப்படியாகக் கேட்கும் சர்வேயை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைக் குடும்பங்களில் நடத்தினார். கட்டாயமாக வீடு மாற நேர்ந்த நிகழ்வுகளில் நீதிமன்றம் வழியாக நடந்தவை 24 விழுக்காடு; வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகாமல் வெளியேற்றியவை 48 விழுக்காடு; மீதி வேறு காரணங்களால் நடந்தவை. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் பிரச்சினையின் பெரிய பாகம் கண்ணில் பட்டிருக்காது. இந்த எண்ணைக் கொடுத்தது சர்வேதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த சர்வேயில் சரியான கேள்வி இருந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய மாதங்களின் குடியிருப்பு.

மாதக்கணக்கில் குடியிருக்க முடியாதவர்களுக்கு நீண்ட நேர்காணல் இருக்கிறது. எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்பது வழக்கமான கேள்வி. 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 60 நேர்காணல்களை வரிசையாக அலசிப் பார்த்து, முதல் 12-லேயே முக்கியமான கருப்பொருள்கள் பெரும்பாலும் வந்துவிட்டதைக் கண்டார்கள். அவர்கள் பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான பின்னணி கொண்டவர்கள். கலவையான கூட்டத்துக்கு ஒவ்வொரு வகையிலும் அத்தனை பேர் வேண்டியிருக்கும். ஆனாலும் நூற்றுக்கணக்கில் தேவையில்லை.

களப்பணியால் சொல்ல முடியாதது, எத்தனை பேர் என்பது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள் என்றால் அது 67 விழுக்காடு ஆகாது. நேர்காணல் அறிக்கையில் விழுக்காட்டைப் பார்த்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போக யோசிப்பேன். ஆய்வாளரை உள்ளே விட்டவர்கள் யார், விடாதவர்கள் யார் என்பதும் முடிவைச் சாய்க்கும். மக்கள் நம்பிப் பேசியதை எழுதும்போது அவர்களை அடையாளம் காட்டிவிடும் அபாயமும் இங்கேதான் அதிகம். சர்வேயில் ஒருவர் ஓர் எண்ணாகக் கரைந்துவிடுவார். களக்குறிப்பில் பெயரை மாற்றினாலும் தெருவில் உள்ளவர்களுக்கு ஆளைத் தெரியும்.

குலுக்கிப் போடுவது

திட்டத்தால்தான் மாற்றம் வந்ததா என்ற கேள்விக்குக் குலுக்கல் சோதனைக்கு நிகரில்லை. ஆய்வாளர்கள் ஆர்.சி.டி. என்பது இதைத்தான். 1986-இல் பொருளியலாளர் ராபர்ட் லாலோண்ட் இதை மற்ற வழிகளோடு நேருக்கு நேர் மோதவிட்டார். வேலைப் பயிற்சித் திட்டம் ஒன்றில் குலுக்கல் மூலம் கிடைத்த விடை அவரிடம் இருந்தது. குலுக்கலே நடக்காதது போல வைத்துக்கொண்டு, வழக்கமான சர்வே தரவிலிருந்து ஒப்பீட்டுக் குழுவை உருவாக்கி, அந்தக் காலத்துப் புள்ளியியல் உத்திகளால் அதே விடையை எட்ட முடிகிறதா என்று பார்த்தார். விடைகள் சிதறின, சில, பயிற்சியால் வருமானம் குறைந்தது என்றுகூடக் காட்டின. பயிற்சிக்கு வருபவரும் வராதவரும் ஏற்கெனவே வேறு வேறு மனிதர்கள். கணக்கு போட்டு அந்த வேற்றுமையை அழிப்பது சுலபமல்ல.

குலுக்கல் என்றால் ஏழைகளுக்கு உதவியை மறுப்பதாகாதா என்ற எதிர்ப்பு எப்போதும் வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாத இடத்தில் அதற்குப் பதில் உண்டு. 1990-களின் இறுதியில் மெக்சிகோவில் புரோகிரேசா திட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுத்தது. மதிப்பீட்டுக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கலில் வந்த 320 முதலில் பெற்றன. 186 பிறகு பெற்றன. காத்திருக்க வேண்டியவர் யார் என்பதைச் செல்வாக்கு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பது நியாயமாகவே எனக்குப் படுகிறது. 2000-இல் ஆட்சி மாறியபோதும் திட்டம் பிழைத்ததற்கு அந்த மதிப்பீடு தந்த சான்று ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லப்படுகிறது.

ஆனால் சோதனை சொல்வது, அந்த இடத்தில் அந்த ஆட்களிடம் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பது மட்டுமே. 1980-களின் தொடக்கத்தில் மினியாபொலிஸ் காவல்துறையில் குடும்ப வன்முறை பற்றி ஒரு சோதனை நடந்தது. அடித்தவரைக் கைது செய்வதா, புத்தி சொல்வதா, சில மணி நேரம் வீட்டைவிட்டு அனுப்புவதா என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டது. 314 வழக்குகள். கைதானவர்கள் மறுபடி அடிப்பது குறைந்தது. அமெரிக்காவின் பல இடங்களில் கைதைக் கட்டாயமாக்கும் அலை அதன்பின் எழுந்தது. பிறகு வேறு நகரங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது விடை ஊருக்கு ஊர் மாறியது. வேலையில்லாத ஆண்களிடம் கைது வன்முறையைக் கூட்டியதாகவும் சில இடங்களில் தெரிந்தது. முதல் சோதனை தப்பு என்பதல்ல. ஒரே ஊரின் விடையை ஒரு நாட்டுக்கு விதியாக்கியதுதான் அவசரம்.

ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு, அறிவியல் மெய்யியலாளர் நான்சி கார்ட்ரைட் அடிக்கடி எடுத்துக்காட்டுவது தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டத்தை. 1980-இல் தொடங்கிய அந்தத் திட்டம் தாய்மாருக்கு ஊட்டச்சத்து பற்றி விளக்கி, பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவும் கொடுத்தது. நல்ல பலன் தந்ததாகக் கருதப்பட்டது. அதைப் பின்பற்றி வங்கதேசத்தில் 1990-களில் செய்ததில் பலன் சொற்பம். மதிப்பீட்டாளர்கள் கண்ட காரணங்களில் ஒன்று: அங்கே கடைக்குப் போவது ஆண்கள், வீட்டில் உணவைப் பங்கிடுவது மாமியார். அறிவுரை போய்ச் சேர்ந்த இளம் தாயின் கையில் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இன்னொரு குலுக்கல் சோதனை தேவையில்லை. சில வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

பொறுமையும் வேண்டும். ஏழைக் குடும்பங்களை வசதியான பகுதிகளுக்கு மாற உதவிய அமெரிக்கச் சோதனை ஒன்றில், 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்கள் சேர்ந்தன. பெரியவர்களின் வருமானத்தில் மாற்றமில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஏமாற்றமான செய்தியே வந்தது. 2016-இல் ராஜ் செட்டி, நதானியேல் ஹெண்ட்ரென், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் வரிப் பதிவேடுகளோடு இணைத்துப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்பு மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. ஓராண்டு நிதியில் நடக்கும் மதிப்பீட்டில் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. மறுபடியும் கைகொடுத்தது பதிவேடு என்பதைக் கவனியுங்கள்.

எல்லைக்கோடு தரும் வாய்ப்பு

குலுக்க முடியாத விஷயங்களே அதிகம். சட்டம் ஒரு மாநிலம் முழுவதற்கும் வரும். அப்போது அரசோ இயற்கையோ தற்செயலாகப் போட்ட கோட்டைப் பயன்படுத்துவது இயற்கைச் சோதனை. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை முன்னும் பின்னும் விசாரித்தார்கள். கூலி உயர்ந்ததால் வேலை குறைந்தது என்பதற்கு அறிகுறி இல்லை. பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர்மாறு. பெரிய சண்டை மூண்டது. இந்த வகை ஆய்வுகளுக்காகக் கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

சண்டை எதைப்பற்றி என்பதுதான் நமக்கு முக்கியம். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் முதன்மையாகக் குறிவைத்தது, தொலைபேசியில் மேலாளர்கள் சொன்ன எண்களை. சம்பளப் பட்டியல்களை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்தது என்றார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவேட்டுக்குப் போய், 2000-இல், பெரிய பாதிப்பில்லை என்று திரும்பவும் காட்டினார்கள். ஒப்பீட்டின் வடிவம் புத்திசாலித்தனமானது. தடுமாறிய இடம், "உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று வாயால் கேட்டது.

இந்த வழியின் பலவீனம், கோடு நமக்கு வேண்டிய இடத்தில் விழாது என்பது. கோட்டின் இருபுறமும் மற்றதெல்லாம் ஒரே மாதிரி நகர்ந்தன என்று நம்ப வேண்டியும் இருக்கிறது.

கேட்பது

இனி சர்வே. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலை எடுத்ததுதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம். பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் வேறுபட்டார்கள் என்பது மறுபாதி. மாதிரியின் அளவு இந்த நோயைத் தீர்க்காது. இருபது லட்சமும் போதவில்லை.

இன்றைக்கு அந்த மறுபாதிதான் பூதமாகியிருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசி சர்வேக்களில் பதில் விகிதம் 1997-இல் 36 விழுக்காடு, 2018-இல் 6. சரியாக எடுத்த ஆயிரம் பேர் மாதிரியில் பிழை வரம்பு கூட்டிக்கழித்து 3 விழுக்காடு என்று அறிக்கைகள் அச்சிடும். அந்த 3, தற்செயலால் வரும் பிழைக்கு மட்டும்தான். நூற்றில் பதில் தராத 94 பேரால் வரும் பிழை அதில் சேரவே சேராது.

கேள்வியின் வாசகம் இன்னொரு தலைவலி. அமெரிக்காவின் பொதுச் சமூக சர்வேயில் ஒரே செலவினத்தைச் சிலரிடம் "ஏழைகளுக்கு உதவி" என்றும் சிலரிடம் "நலத்திட்டம்" என்றும் கேட்டுப் பார்க்கிறார்கள். முதல் வாசகத்தில், செலவு போதாது என்பவர்கள் மிக அதிகம், இரண்டாவதில் சரிந்துவிடுகிறார்கள். மக்களின் கருத்து என்று எதை எழுதுவது?

இவ்வளவு சொன்னபிறகும் சர்வே இல்லாமல் முடியாத இடங்கள் இருக்கின்றன. புகார் செய்யப்படாத குற்றம் அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் 1970-கள் முதல் வீடு வீடாகக் கேட்டு நடத்தும் குற்றப் பாதிப்பு சர்வே, வன்முறைக் குற்றங்களில் ஏறக்குறைய பாதி காவல்துறைக்கே போவதில்லை என்று தொடர்ந்து காட்டிவருகிறது. எந்தப் பதிவேட்டிலும் இது வராது. அச்சம், நம்பிக்கை, வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு, கடன் எல்லாம் இதே இனம்.

அப்படியானால் எதை எடுப்பது?

கையில் மூன்று மாதமும் ஓரிருவரின் உழைப்பும் மட்டும் இருந்தால்: பழைய ஆய்வுகளைப் படியுங்கள், கிடைக்கும் பதிவேட்டை வாங்குங்கள், அதில் புரியாத இடங்களைப் பற்றி பதினைந்து இருபது பேரோடு விரிவாகப் பேசுங்கள். அவசரமாக எடுத்த ஐந்நூறு பேர் சர்வேயைவிட இது உறுதியான தரையில் நிற்கும். திட்டம் இருந்தும் மக்கள் ஏன் பயன்படுத்தவில்லை என்பது கேள்வியானால் இதற்குமேல் எதுவுமே வேண்டியிருக்காது. பெரும்பாலும் விடை விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்.

திட்டம் இனிமேல்தான் வரப்போகிறது, எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாது, பலன் உண்டா என்பதில் உண்மையாகவே சந்தேகம் இருக்கிறது என்றால் குலுக்கலைக் கேளுங்கள். திட்டம் தொடங்கிய மறுநாள் கேட்டால் பயனில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட சட்டத்துக்கு எல்லைக்கோட்டைத் தேடுங்கள். கோடு இல்லையென்றால், காரணத்தைப் பற்றி அடக்கமாக எழுதுங்கள்.

எந்த வழியானாலும் தரவு கைக்கு வருவதற்கு முன்பே எப்படி அலசப்போகிறோம் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 29 குழுக்களுக்கு ஒரே தரவைக் கொடுத்தார்கள்: கருநிறக் கால்பந்து வீரர்களுக்குச் சிவப்பு அட்டை அதிகம் காட்டப்படுகிறதா? 20 குழுக்கள் ஆம் என்று சொல்லும் அளவுக்குத் தெளிவான தொடர்பைக் கண்டன, 9 காணவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. நியாயமான தேர்வுகளே அவ்வளவு தூரம் விலக்கிவிட்டன.

இதெல்லாம் கடந்தும் "எத்தனை பேர்" என்பது தெரிந்தே ஆகவேண்டும், எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை என்றால், சர்வே எடுங்கள். பட்ஜெட்டில் ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள். மாதிரியை 1,000-லிருந்து 4,000 ஆக்கினால் பிழை வரம்பு 3-லிருந்து ஒன்றரைக்கு வரும். பதில் தராதவர்களால் வரும் சாய்வு ஒரு துளியும் குறையாது. ஆயிரத்திலேயே நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை முதல் முறை கதவைத் திறக்காதவர்களிடம் மாலையிலும் விடுமுறை நாளிலும் மறுபடி போய்ப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.